காத்து எந்தப் பக்கம்? விமானிகளின் கணக்கைப் படிப்போம்

போன ஆடியில் ஒரு மதியம், மேற்கு வயல்காரர் குறுவை நெல்லுக்கு ட்ரோன் வைத்துப் பூச்சிமருந்து அடித்தார். மறுநாள் காலை என் தேனீப் பெட்டிகளுக்கு முன்னால் தேனீக்கள் கூட்டமாகச் செத்துக் கிடந்தன. ஆறு வருஷமா ரசாயனம் தொடாத நிலம். ட்ரோன் ஓட்டிய தம்பியைக் கேட்டேன். "காலையில போன்ல பார்த்தேன் சார், காத்து கம்மின்னுதான் இருந்துச்சு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆடியில் காலைக் காத்து வேறு, மதியக் காத்து வேறு.

அதன் பிறகுதான் விமானிகள் பார்க்கும் 'மெட்டார்' வானிலை அறிக்கையைப் படிக்கக் கற்றேன். திருச்சி விமான நிலையத்து அறிக்கை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. திரையில் ஆங்கில எழுத்தில் வரும். மாதிரிக்கு ஒன்று:

வி.ஓ.டி.ஆர். 220930இசட் 27014ஜி24கேடி 6000 36/22 க்யூ1004

முதலில் இருப்பது திருச்சியின் குறியீடு. அடுத்தது 22ஆம் தேதி, 09.30 மணி. இது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டினால் நம்ம மதியம் 3 மணி. இதைக் கூட்டாமல் படித்தால் மதியக் காத்தைக் காலைக் காத்து என்று நினைத்துவிடுவோம்.

27014 என்றால் 270 டிகிரி, அதாவது மேற்கிலிருந்து, 14 நாட் வேகம். காத்து போகும் திசையல்ல, வரும் திசை. ஒரு நாட் 1.85 கிலோமீட்டர், ஆக மணிக்கு 26 கிலோமீட்டர். 'ஜி24' என்பது திடீரென வீசும் வேகம், 44 கிலோமீட்டர். 'ஜி' இருந்தால் ட்ரோனைப் பெட்டியை விட்டே எடுக்க வேண்டாம்.

6000 என்பது பார்வை எட்டும் தூரம், மீட்டரில். 36/22 வெப்பமும் பனிநிலையும். இடைவெளி அதிகமென்றால் காத்து வறண்டிருக்கிறது. துளிகள் சுருங்கி இன்னும் தூரம் போகும். கடைசியில் உள்ளது காற்றழுத்தம். 'டி.எஸ்.' அல்லது 'சி.பி.' என்று கண்டால் இடிமேகம். அன்றைக்கு வேலையே வேண்டாம்.

ஒன்று மறக்கக் கூடாது. இது விமான நிலையத்துக் காத்து, பத்து மீட்டர் உயரத்தில் அளந்தது. நம் வரப்பில் மூங்கில் குச்சியில் ஒரு துணி நாடா கட்டி, அதையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இதையெல்லாம் அந்தத் தம்பிக்கும் சொல்லிக் கொடுத்தேன். இந்த ஆடியில் அவரே முதல் நாள் போன் செய்தார்: "சார், நாளைக்கு விடியக்காலம் அடிக்கிறோம், பெட்டி வாசலை மூடி வச்சிருங்க." மேற்கு வயல்காரர் இன்னும் மருந்தை விடவில்லை. அவரிடம் அந்தப் பேச்சு தொடர்கிறது. தேனீக்கள் இந்த முறை தப்பின.