வேகம் தெரிந்தது, தூரம் தெரியவில்லை

வானத்தில் ஒரு பொருள் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா, எவ்வளவு வேகத்தில் என்று கண்டுபிடிப்பது ஓரளவு சுலபம். அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. கேட்பதற்கு விநோதமாக இருக்கும். ஆனால் பிரபஞ்சம் விரிகிறது என்று மனிதர்களுக்குத் தெரியவந்த கதை முழுக்க இந்த விநோதத்தில்தான் அடங்கியிருக்கிறது. வேகங்கள் முதலில் கிடைத்துவிட்டன. தூரங்கள் பின்னால் வந்தன, அதுவும் தப்பும் தவறுமாக.

வேகம் எப்படிக் கிடைக்கிறது? விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அதில் சில கோடுகள் தெரியும். ஹைட்ரஜனுக்கு இந்த இடம், கால்சியத்துக்கு அந்த இடம் என்று ஒவ்வொரு தனிமத்துக்கும் கோட்டின் இடம் நிச்சயம். ஒளி தரும் பொருள் விலகிப் போனால் கோடுகள் மொத்தமாகச் சிவப்புப் பக்கம் நகரும். நெருங்கி வந்தால் நீலப் பக்கம். எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று அளந்தால் வேகம் வந்துவிடும். பொருள் பக்கத்தில் இருந்தாலும் கோடி கோடி மைலுக்கு அப்பால் இருந்தாலும் கணக்கு ஒன்றேதான்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபிளாக்ஸ்டாஃப் என்ற ஊரில் உள்ள லோவல் ஆய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் 1912-இல் இந்த வேலையில் இறங்கினார். கையில் 24 அங்குலத் தொலைநோக்கி. குறி, சுருள் நெபுலாக்கள் எனப்பட்ட மங்கலான ஒளித்திட்டுகள். அவை நமது பால்வீதிக்குள்ளேயே இருக்கும் வாயு மேகங்களா, வெளியே இருக்கும் தனி உலகங்களா என்று அப்போது யாருக்கும் தெரியாது. முதலில் ஆண்ட்ரோமீடா நெபுலாவை அளந்தார். அது நொடிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தது! விரியும் பிரபஞ்சத்தின் முதல் அத்தியாயமே இப்படி எதிர்த்திசையில் ஆரம்பித்தது வேடிக்கைதான். (நம் பால்வீதி போன்ற பக்கத்து அண்டங்களை ஈர்ப்பு விசை பிடித்து இழுக்கிறது, அங்கே விரிவின் ஜம்பம் பலிப்பதில்லை.) 1917-க்குள் 25 நெபுலாக்களை அளந்து முடித்தார். அவற்றில் 21 விலகி ஓடிக்கொண்டிருந்தன. ஏன் என்று சொல்ல ஆளில்லை. அவை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதே தெரியாதபோது ஏன் என்ற கேள்விக்கு எங்கே போவது?

இருட்டில் தெரியும் விளக்கு பக்கத்தில் எரியும் அகலா, தொலைவில் எரியும் பெரிய மின்விளக்கா என்று வெறும் பார்வையில் சொல்ல முடியாது. விளக்கின் உண்மையான பிரகாசம் தெரிந்தால் மட்டுமே தூரத்தைக் கணக்கிடலாம். அந்த உண்மையான பிரகாசத்தைக் கண்டுபிடிக்க வழி சொன்னவர் ஹென்ரியட்டா லீவிட். ஹார்வர்டு ஆய்வகத்தில் மணிக்கு 30 சென்ட் கூலிக்கு, வானத்தைப் படம் பிடித்த கண்ணாடித் தகடுகளைப் பார்த்துக் கணக்கெழுதிய பெண்களில் ஒருவர். காது சரியாகக் கேட்காது. பெரு நாட்டின் அரெக்விபாவில் எடுத்த தகடுகளில், சிறிய மெகல்லன் மேகம் என்ற விண்மீன் கூட்டத்தில் உள்ள விண்மீன்களை அவர் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். சில விண்மீன்கள் குறிப்பிட்ட நாள் கணக்கில் மங்கி மங்கிப் பிரகாசிக்கும்; சிஃபீட் என்று அவற்றுக்குப் பெயர். அப்படி 25 விண்மீன்களை எடுத்துக்கொண்டு 1912-இல் அவர் காட்டியது இது: எந்த அளவுக்குப் பிரகாசமானதோ, அந்த அளவுக்கு நிதானமாகத் துடிக்கிறது. எல்லாமே ஒரே மேகத்தில், ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பதால் பிரகாச வித்தியாசம் தூரத்தால் வந்த மயக்கம் அல்ல. ஆக, துடிப்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று எண்ணினால் உண்மையான பிரகாசம் தெரியும், அதிலிருந்து தூரம்.

லீவிட் 1921-இல் புற்றுநோயில் இறந்தார். சில ஆண்டுகள் கழித்து, நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கும் எண்ணத்தோடு ஸ்வீடனிலிருந்து ஒரு கணிதப் பேராசிரியர் அவருக்குக் கடிதம் எழுதினார். அவர் இறந்த செய்தியே அங்கே போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

லீவிட் கொடுத்த அளவுகோலைக் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் மலைமேல் கையில் எடுத்தவர் எட்வின் ஹபிள். அங்கே இருந்த 100 அங்குலத் தொலைநோக்கிதான் அன்று உலகிலேயே பெரியது. 1923 அக்டோபர் 5-ஆம் தேதி இரவு ஆண்ட்ரோமீடாவை ஒரு தகட்டில் படம் பிடித்தார். புதிதாகத் தெரிந்த மூன்று புள்ளிகளின் பக்கத்தில் ‘நோவா’வைக் குறிக்கும் ‘என்’ எழுத்தை மையால் போட்டார். பழைய தகடுகளோடு ஒப்பிட்டபோது அவற்றில் ஒன்று திடீர் வெடிப்பு அல்ல, துடிக்கும் விண்மீன் என்று தெரிந்தது. ‘என்’னை அடித்துவிட்டு ‘வார்!’ என்று எழுதினார்: மாறும் விண்மீன். பக்கத்தில் இருக்கும் அந்த ஆச்சரியக்குறியை இன்றும் தகட்டில் பார்க்கலாம். அதன் துடிப்பு 31 நாள் சொச்சம். கணக்குப் போட்டால் தூரம் ஒன்பது லட்சம் ஒளியாண்டு. பால்வீதியின் எல்லைக்கு வெகுதூரம் வெளியே! ஆண்ட்ரோமீடா மேகம் அல்ல, இன்னொரு பால்வீதி.

அடுத்து, வெகுதொலைவில் உள்ள அண்டங்களின் வேகம் வேண்டும். இங்கே வருகிறவர் எனக்கு மிகவும் பிடித்தமான ஆள், மில்டன் ஹியூமசன். பதினான்கு வயதில் படிப்பை விட்டவர். கோவேறு கழுதைகள்மேல் சாமான்களை ஏற்றி அதே மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டு போனவர். 1917-இல் ஆய்வகத்தில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். இரவு உதவியாளர் ஆனார். பிறகு வானியலாளராகவே ஆகிவிட்டார். என்ஜிசி 7619 என்ற அண்டத்தின் நிறமாலைக்காக அவர் ஒரு தகட்டை மொத்தம் 33 மணி நேரமும் இன்னொன்றை 45 மணி நேரமும் ஒளியில் வைத்திருந்தார். ஒரே இரவில் முடிகிற காரியமல்ல. இரவு முழுக்க ஒளிப்புள்ளியை நிறமாலைக் கருவியின் பிளவிலேயே பிடித்து நிறுத்த வேண்டும், விடிந்ததும் மூட வேண்டும், மறுநாள் இரவு அதே தகட்டில் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். கிடைத்த வேகம் நொடிக்கு 3,779 கிலோமீட்டர்.

1929-இல் ஹபிள் 24 அண்டங்களின் தூரத்தையும் வேகத்தையும் ஒரே வரைபடத்தில் வைத்தார். தூரம் கூடக் கூட வேகமும் அதே விகிதத்தில் கூடியது. அதில் வேகங்கள் பெரும்பாலும் ஸ்லைஃபர் அளந்தவை. கட்டுரையில் அதற்கு உரிய குறிப்பு இல்லை. சாகும் ஆண்டில், 1953-இல்தான், ஸ்லைஃபருக்கு எழுதிய கடிதத்தில் ஹபிள் அந்தக் கடனை ஒப்புக்கொண்டார். தாமதம்தான்.

இந்த விகிதத்துக்கு என்ன பொருள்? வரிசையாக மூன்று அண்டங்கள், நம்மிடமிருந்து 1, 2, 3 என்ற தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இடையிலுள்ள வெளி இரண்டு மடங்காகட்டும். தூரங்கள் 2, 4, 6 ஆகிவிடும். அதே நேரத்தில் முதலாவது ஒரு பங்கு நகர்ந்திருக்கிறது, மூன்றாவது மூன்று பங்கு. நடு அண்டத்தில் நின்று பார்த்தாலும் இதே கணக்குதான். ஆகவே நாம் மையத்தில் இல்லை. மையம் என்று ஓர் இடமும் இல்லை.

பிரபஞ்சம் விரியும் என்பதைக் காகிதத்தில் முன்பே எழுதியவர்கள் உண்டு. ஐன்ஸ்டைனோ 1917-இல் பிரபஞ்சத்தை அசையாமல் நிறுத்துவதற்காகவே தன் ஈர்ப்புச் சமன்பாட்டில் ஓர் உறுப்பைச் சேர்த்திருந்தார். ஆனால் 1922-இல் ரஷ்யாவின் ஃபிரீட்மன், பிரபஞ்சம் விரியவும் சுருங்கவும் முடியும் என்று காட்டினார். 1927-இல் பெல்ஜியப் பாதிரியார் ஜார்ஜ் லமேத்ர் சமன்பாட்டோடு நிற்காமல் ஸ்லைஃபரின் வேகங்களையும் ஹபிளின் தூரங்களையும் சேர்த்து, விரிவு வேகத்தையே கணக்கிட்டுவிட்டார். பிரசுரித்தது பிரெஞ்சு மொழியில், அதிகம் பேர் படிக்காத ஓர் இதழில். 1931-இல் ஆங்கிலத்தில் வந்தபோது அந்தப் பகுதியைக் காணோம். யாரோ சதி செய்தார்கள் என்ற பேச்சு நெடுநாள் இருந்தது; பழைய கடிதம் ஒன்று 2011-இல் வெளிவந்தபோதுதான், நீக்கியவர் லமேத்ரே என்று தெரிந்தது. 2018-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் வாக்கெடுப்பு நடத்தி, தூரத்தோடு வேகமும் கூடும் அந்த விதியை ஹபிள்-லமேத்ர் விதி என்று அழைக்கப் பரிந்துரைத்தது. ஹபிளோ கடைசிவரை ‘விரிவு’ என்று அடித்துச் சொல்லவே இல்லை. ‘தோற்ற வேகம்’ என்று எழுதிவிட்டு நழுவிக்கொண்டார்.

அவருடைய எண்ணும் தப்பு. ஏறத்தாழ 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு நொடிக்கு 500 கிலோமீட்டர் என்று அவர் கணக்கிட்டார். அதைப் பின்னோக்கி ஓட்டினால் பிரபஞ்சத்தின் வயது 200 கோடி ஆண்டு வருகிறது. பாறைகளின் கதிரியக்கமோ பூமியே அதைவிட மூத்தது என்றது. பிள்ளைக்குத் தாயைவிட வயது அதிகம்! இரண்டாம் உலகப்போரில் லாஸ் ஏஞ்சலஸ் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்த இரவுகளில் வால்டர் பாடே ஆண்ட்ரோமீடாவைப் பார்த்தார். சிஃபீட்களில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறோம் என்பது அந்த வேலையிலிருந்து தெரியவந்தது. 1952-இல் ரோம் மாநாட்டில் அவர் அறிவித்ததும் அண்டங்களின் தூரம் இரண்டு மடங்கானது. விண்மீன் என்று ஹபிள் நினைத்த சில புள்ளிகள் ஒளிரும் வாயு மேகங்கள் என்பதும் பிறகு தெரிந்தது. 1958-இல் ஆலன் சாண்டேஜ் 500-க்குப் பதில் 75-ஐ ஒட்டிய எண்ணுக்கு வந்தார். ஏறக்குறைய ஏழு மடங்கு தப்பான எண்ணை வைத்துக்கொண்டு சரியான முடிவுக்கு வந்த அதிசயத்தை விஞ்ஞானத்தில் அடிக்கடி பார்க்க முடியாது. எல்லாத் தூரமும் ஒரே திசையில் பிழையாக இருந்ததால் விகிதம் தப்பிப் பிழைத்தது.

இன்றைய நிலவரம்: பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டு. சிஃபீட்களையும் வெடிக்கும் விண்மீன்களையும் வைத்து அளந்தால் விரிவு வேகம் 73. பிரபஞ்சம் பிறந்த புதிதில் கிளம்பி, பிளாங்க் விண்கலம் அளந்த ஆதி ஒளியிலிருந்து கணக்கிட்டால் 67. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதே சிஃபீட்களை மறுபடி பார்த்தது. பழைய அளவில் பெரிய பிழை இல்லை என்கிறது ஒரு குழு. இன்னொரு குழுவின் கணக்கு 70-ஐ ஒட்டி நிற்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை.