காட்டுக்கு ஒரு வாய்தா

1971ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவில், பெடர் என்ற ஏரியின் கரை மணலில் ஒரு மண்புழு கிடைத்தது. ஒன்றே ஒன்றுதான். வேறெங்கும் பார்த்திராத இனம். மறு ஆண்டே அந்தக் கரை நீருக்குள் போய்விட்டது. பிற்பாடு தேடிப் போனவர்களுக்கு இன்னொரு புழு அகப்படவில்லை. 2003இல் அது அற்றுப்போன உயிரினங்களின் பட்டியலில் சேர்ந்தது. அந்த இனத்தைப் பற்றி மனிதர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒற்றை உடலில் இருந்து தெரிந்ததுதான்.

பெடர், பனியாறுகள் விட்டுச்சென்ற மலை ஏரி. கோடையில் நீர் இறங்கும்போது இளஞ்சிவப்புப் படிகக்கல் மணல் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு விரியும். அதன்மேல் சிறு விமானங்களே இறங்கும். 1955இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் அது. 1967இல் மாநில அரசே அந்தப் பாதுகாப்பை விலக்கிக்கொண்டு, நீர்மின் திட்டத்துக்காக மூன்று அணைகள் கட்ட அனுமதித்தது. எதிர்த்தவர்கள் அன்றைக்குத் தெரிந்த எல்லா வழிகளையும் பார்த்தார்கள். மனு கொடுத்தார்கள், கூட்டம் போட்டார்கள், 1972இல் ஒரு கட்சியே தொடங்கித் தேர்தலில் நின்றார்கள். உலகின் முதல் பசுமைக் கட்சி என்று இன்று பலரும் சொல்வது அதைத்தான். மத்திய அரசின் விசாரணைக் குழு வேலையை நிறுத்திவைக்கலாம் என்று பரிந்துரைத்தபோது 1973 ஆகிவிட்டது. ஏரியும் கரையும் அதற்குள் மூழ்கியிருந்தன. செலவை ஏற்பதாக மத்திய அரசு முன்வந்தும் மாநில அரசு மறுத்துவிட்டது.

தூக்குத் தண்டனை நிறைவேறிய பிறகு வாய்தா கிடைத்து என்ன பயன்? சுற்றுச்சூழல் போராட்டத்தில் மறியல் என்ற முறை ஏன் பிறந்தது என்பதற்கு பெடரைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை. அறிவியல் மெதுவாக நடக்கும். ஒரு காட்டில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணி முடிக்கத் தலைமுறைகள் ஆகும். நீதிமன்றமும் மெதுவாகத்தான் நடக்கும். புல்டோசருக்குச் சில நாட்கள் போதும். இந்த வேக வித்தியாசத்தை ஈடுகட்ட, வேறு எதுவும் கைவசம் இல்லாதவர்கள் தங்கள் உடலைக் கொண்டுபோய் நடுவில் வைத்தார்கள்.

இது ஆஸ்திரேலியாவில் தொடங்கியதல்ல. 1730இல் ராஜஸ்தானின் கேஜர்லி கிராமத்தில் வன்னி மரங்களைக் கட்டிக்கொண்டு வெட்டுப்பட்ட 363 பிஷ்னோய்கள் நினைவில் நிற்பவர்கள். 1974இல் இமயமலையின் ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் அவருடன் சென்ற பெண்களும் கோடரிக்காரர்களைத் திருப்பி அனுப்பினார்கள். 1971இல் கனடாவின் வான்கூவரிலிருந்து ஒரு பழைய மீன்பிடிப் படகு, அலாஸ்காவின் அம்சிட்கா தீவில் நடக்கவிருந்த அணுகுண்டுச் சோதனையை நோக்கிப் புறப்பட்டது. கிரீன்பீஸ் இயக்கம் அந்தப் பயணத்தில்தான் உருவானது. அந்தப் படகுக்கும் முன்னோடி உண்டு. 1958இல் குவேக்கர்கள் என்னும் அமைதிவாதக் கிறித்தவர்கள் பசிபிக் அணுச் சோதனைக் களத்துக்குப் பாய்மரப் படகில் போக முயன்று ஹவாயில் கைதானார்கள். அவர்கள் காந்தியின் சத்தியாகிரகத்தை ஊன்றிப் படித்தவர்கள். இப்படிப் பல ஊற்றுகள். ஆனாலும், மறியலால் கிடைத்த அவகாசத்தில் என்ன தெரியவந்தது என்பதைப் பின்தொடர்ந்து பார்க்க ஆஸ்திரேலியாதான் வாகான இடம்.

அங்கே முதலில் மறித்தவர்கள் கட்டடத் தொழிலாளர்கள். சிட்னியில் பரமாட்டா ஆற்றோரம் கெல்லிஸ் புஷ் என்ற சிறு புதர்க்காடு மிஞ்சியிருந்தது. அதில் வீடுகள் கட்டப் போகிறார்கள் என்றதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் பதின்மூன்று பேர் எல்லாக் கதவுகளையும் தட்டினார்கள். எதுவும் திறக்கவில்லை. 1971இல் கட்டடத் தொழிலாளர் சங்கத்திடம் போனார்கள். ஜாக் மண்டி தலைமையிலிருந்த அந்தச் சங்கம், அந்த மண்ணில் எங்கள் ஆள் ஒருவனும் கை வைக்கமாட்டான் என்று அறிவித்தது. சங்கத்தில் இல்லாத ஆட்களை வைத்து வேலையை முடித்துக்கொள்வோம் என்றது நிறுவனம். அதே நிறுவனம் வேறிடத்தில் எழுப்பிக்கொண்டிருந்த அலுவலகக் கட்டடத்தின் தொழிலாளர்கள் உடனே பதில் சொன்னார்கள்: கெல்லிஸ் புஷ்ஷில் ஒரு மரம் விழுந்தாலும் இந்தக் கட்டடம் பாதியிலேயே நிற்கும். மரம் விழவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட ‘பசுமைத் தடைகள்’ சிட்னியில் போடப்பட்டன. கூலியை விட்டுக்கொடுத்து ஒரு புதர்க்காட்டைக் காத்தவர்களை வரலாறு போதுமான அளவு கொண்டாடவில்லை என்றே நினைக்கிறேன்.

எட்டு ஆண்டுகள் கழித்து, சிட்னிக்கு வெகு வடக்கே டெரேனியா ஓடைப் பள்ளத்தாக்கில் கதை காட்டுக்குள் நுழைந்தது. ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வெடித்த பெரிய எரிமலை ஒன்றின் ஓரத்தில் உள்ள பள்ளத்தாக்கு அது. எரிமலைக் குழம்பு மட்கிய வளமண்ணில் மழைக்காடு செழித்திருக்கிறது. இன்றைய ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, நம் இந்தியா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக இருந்த காலத்துத் தாவரக் குடும்பங்கள் இன்னும் அங்கே வாழ்கின்றன. அதற்குள் பிரஷ்பாக்ஸ் என்ற உறுதியான மரம் ஓங்கி நின்றது. வனத்துறைக்கு வேண்டியது அந்த மரம்.

இங்கே ஓர் அறிவியல் வழக்கும் இருந்தது. பிரஷ்பாக்ஸ் மழைக்காட்டு மரமே அல்ல, யூகலிப்டஸின் உறவு. அதை வெட்டினால் மழைக்காட்டை வெட்டியதாகாது என்றது வனத்துறை. அதன் நிழலில்தான் மழைக்காட்டின் கீழடுக்கு வளர்கிறது, இரண்டையும் பிரிக்க முடியாது என்றார்கள் எதிர்த்தவர்கள். வெட்டிய இடத்தில் மீண்டும் வளர்ந்துவிடும் என்பது வனத்துறையின் இன்னொரு வாதம். பின்னர் அங்கிருந்த பிரஷ்பாக்ஸ் மரங்களின் வயதைக் கதிரியக்கக் கரிமம் கொண்டு கணித்தபோது, ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டியவை இருப்பது தெரிந்தது. ‘மீண்டும் வளரும்’ என்ற சொல்லுக்கு அங்கே அவ்வளவு நீளமான பொருள் இருந்தது.

1979 ஆகஸ்ட் 16 அன்று புல்டோசர்கள் வந்தன. பக்கத்து ஊர்க்காரர்களும், நகரத்தை விட்டு அந்தப் பகுதியில் குடியேறியிருந்த இளைஞர்களும் வழியில் நின்றார்கள். மரங்களில் ஏறிக்கொண்டார்கள். சேற்றில் படுத்தார்கள். மழைக்காட்டைக் காக்க உடலால் நடந்த முதல் பெரிய மறியல்களில் ஒன்று அது. அவர்களுக்கு முன்மாதிரி என்று ஏதும் கையில் இல்லை. ஏறத்தாழ ஒரு மாதத்தில் அரசு வெட்டுவதை நிறுத்தி விசாரணைக்கு உத்தரவிட்டது.

விசாரணையின் முடிவு என்ன தெரியுமா? வெட்டலாம் என்பதுதான். பக்கத்து நைட்கேப் மலைத்தொடரில் 1982இல் மறுபடி மறியல் நடந்தது. ஆனால் இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் ஊர் மாறியிருந்தது. தொலைக்காட்சியில் மக்கள் அந்த மரங்களைப் பார்த்துவிட்டார்கள். மழைக்காடு எவ்வளவு கொஞ்சமாக மிஞ்சியிருக்கிறது என்ற கணக்கும் வெளியே வந்துவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் நியூ சௌத் வேல்ஸ் முதலமைச்சர் நெவில் ரானின் அமைச்சரவை, விசாரணை அறிக்கையை ஒதுக்கிவிட்டு, மாநிலத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டேர் மழைக்காட்டைப் பாதுகாக்க முடிவெடுத்தது. மறியலா காட்டைக் காத்தது? நேரடியாக இல்லை. மறியல் மூன்று ஆண்டுகளைப் பெற்றுத் தந்தது. காட்டைக் காத்தது அந்த மூன்று ஆண்டுகள்.

என்னை மலைக்கவைப்பது அதற்கும் பிறகு நடந்தது. 2000ஆம் ஆண்டில் நைட்கேப் மலைத்தொடரில் தாவரவியலாளர் ராபர்ட் கூய்மன் யாரும் பெயரிடாத ஒரு மரத்தைக் கண்டார். கன்றோ கொடியோ அல்ல, நெடுமரம். இரண்டு ஆண்டுகள் கழித்து அதற்கு எய்டோத்தியா ஹார்டெனியானா என்று பெயரிட்டார்கள். முதிர்ந்த மரங்கள் நூற்றுச் சொச்சம்தான் உண்டு. வேறு எந்தக் காட்டிலும் இல்லை. இதன் காயைப் போன்ற புதைபடிவங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விக்டோரியா மாநிலத்தின் தங்கச் சுரங்கங்களில், தரைக்கு வெகு ஆழத்தில் கிடைத்திருந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தெற்கே பரவியிருந்த வம்சம், ஈரம் வற்ற வற்றப் பின்வாங்கி, இந்த மலைமடிப்பில் ஒதுங்கியிருக்கிறது. 1979இல் சேற்றில் படுத்தவர்களுக்கு இந்த மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர்களை அப்புறப்படுத்திய காவலர்களுக்கும் தெரியாது, வனத்துறைக்கும் தெரியாது.

டாஸ்மேனியாவிலும் இதே விந்தை. பெடரை இழந்தவர்கள் பிராங்க்ளின் ஆற்றில் அடுத்த அணை என்றதும் காத்திருக்கவில்லை. 1982 டிசம்பர் 14 முதல், ரப்பர்ப் படகுகளில் போய் ஆற்றை மறித்தார்கள். 1272 பேர் கைதானார்கள். அகிம்சைப் பயிற்சி பெற்ற பிறகே ஒவ்வொருவரும் மறியலுக்கு அனுப்பப்பட்டார்கள். தலைமை தாங்கிய மருத்துவர் பாப் பிரௌன் சிறையிலிருந்து வெளிவந்த மறுநாளே மாநிலச் சட்டமன்ற உறுப்பினரானார். அணை வேலையை நம்பியிருந்த ஸ்ட்ரான் ஊர்க்காரர்களுக்கு இவர்கள்மேல் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். மார்ச்சில் மத்தியில் ஆட்சி மாறியது. 1983 ஜூலை 1 அன்று உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அணைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உலகப் பாரம்பரிய உடன்படிக்கையில் ஆஸ்திரேலியா கையெழுத்திட்டிருந்ததே அந்தத் தீர்ப்பின் அடித்தளம்.

அந்த அணை எழுந்திருந்தால் மூழ்கியிருக்கும் இடங்களில் ஒன்று குட்டிக்கினா குகை. 1977இல் கண்டறியப்பட்டு 1981இல் தொல்லியலாளர்கள் தோண்டத் தொடங்கிய குகை. கல்கருவிகளும் வாலபி எலும்புகளும் குவிந்து கிடந்தன. கடைசிப் பனியுகம் உச்சத்திலிருந்தபோது, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், அங்கே மனிதர்கள் தீ மூட்டிக் குளிர்காய்ந்திருக்கிறார்கள். அக்காலத்தில் பூமியில் அதைவிடத் தெற்கே மனிதர் வாழ்ந்ததாகச் சான்று இல்லை என்று அன்றைக்கு ஆய்வாளர்கள் சொன்னார்கள். அவர்களின் கருவிகளில் சில கண்ணாடியால் ஆனவை. ஏறத்தாழ எட்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியபோது உருகித் தெறித்த பாறைதான் அந்தக் கண்ணாடி. எங்கோ சிதறிக் கிடந்ததைத் தேடி எடுத்துவந்து கூராக்கியிருக்கிறார்கள்.

மறியலின் நுட்பங்களும் வளர்ந்தன. 1980களின் இறுதியில் நியூ சௌத் வேல்ஸ் காட்டுப்பாதைகளில் முக்காலிகள் முளைத்தன. மூன்று நெடுங்கழிகளை உச்சியில் கட்டி, அதன்மேல் ஒருவர் உட்கார்ந்துகொள்வார். எந்தக் கழியை அசைத்தாலும் அவர் விழுந்துவிடுவார். அவரை இறக்க ஏணி வண்டி வேண்டும். மலைப்பாதையில் அந்த வண்டி எளிதில் ஏறாது. மரத்தின் மேல் குடியிருப்பதும் இதே கணக்குதான். அந்த ஒரு மரத்தோடு, அது விழும் தூரத்திலுள்ள மரங்களையும் தொட முடியாது. எல்லா நுட்பத்துக்கும் அடியில் ஒரே தத்துவம்: ஆபத்தை நம் தலையில் ஏற்றிக்கொள்வது, எதிராளி நம்மைக் கொல்லத் துணியமாட்டார் என்று நம்புவது.

அந்த ஆபத்தை எதிராளியின் தலைக்கு மாற்றினால் முறையே குலைந்துவிடும். அமெரிக்காவில் சிலர் மரங்களில் ஆணி அறைந்தார்கள், ரம்பம் சிதறட்டும் என்று. 1987இல் கலிபோர்னியாவின் குளோவர்டேல் மர ஆலையில் ரம்பம் ஆணியில் மோதி உடைந்து, இளம் தொழிலாளி ஒருவரின் முகத்தைப் பிளந்தது. அந்த ஆணியை அறைந்தது யார் என்று நிரூபணமாகவில்லை. இருந்தும், எர்த் பர்ஸ்ட் இயக்கத்தின் ஜூடி பேரி 1990இல் ஆணி அறைவதை வெளிப்படையாகக் கைவிட்டு, மரத்தொழிலாளர்களோடு கைகோக்கப் போனார். கெல்லிஸ் புஷ்ஷை அறிந்தவர்களுக்கு அது சரியான திசை என்று சட்டெனப் புரியும்.

எதிராளி கொல்லத் துணிந்தால்? பிரேசிலின் ஆக்ரி மாநிலத்தில் ரப்பர்ப் பால் எடுப்பவர்கள் 1976 முதல் குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குள் நடந்து, மரம் வெட்டுவோரிடம் ரம்பத்தைக் கீழே வைக்கச் சொன்னார்கள். அவர்களின் தலைவர் வில்சன் பின்யேய்ரோவை 1980இல் சுட்டுக் கொன்றார்கள். அவருக்குப் பின் வந்த சிகோ மெண்டிஸை 1988 டிசம்பர் 22 அன்று அவர் வீட்டிலேயே கொன்றார்கள். அவர் கேட்ட பாதுகாப்புக் காடு 1990இல் அவர் பெயரிலேயே அமைந்தது. படம்பிடிக்க ஆள் வரும் காட்டிலும் வராத காட்டிலும் மறியலின் விலை ஒன்றல்ல.

டெரேனியாவில் நின்றவர்களில் ஒருவர் ஜான் சீட். அந்த மறியலுக்குப் பிறகு மழைக்காடுகளுக்காக ஒரு தகவல் மையம் தொடங்கி, பல நாடுகளில் காடு காக்கும் குழுக்களுக்குத் துணைநின்றார். 1980களின் பின்பகுதியில் அவருக்குத் திருவண்ணாமலையிலிருந்து உதவி கேட்டுக் கடிதம் வந்தது. அண்ணாமலை அன்றைக்கு மொட்டைப் பாறையும் காய்ந்த புல்லுமாக இருந்தது. மறித்துக் காக்க அங்கே காடே மிச்சமில்லை. ஆஸ்திரேலிய அரசின் வெளிநாட்டு உதவி நிதியிலிருந்து பணம் திரட்டித் தர அவர் உதவினார். அண்ணாமலை காடுவளர்ப்புச் சங்கம் நாற்றங்கால் வைத்துக் கன்றுகள் நட்டது. அங்கே எதிராளி புல்டோசர் அல்ல, கோடைத் தீ. 2019 நவம்பரில் நைட்கேப் மலைக்குள் புகுந்து அந்த அபூர்வ மரங்களின் ஒரு பகுதியைக் கருக்கியதும் தீதான். தீ எவருடைய உடலுக்கும் தயங்காது. ஆகவே அண்ணாமலையில் கோடை பிறக்கும் முன்பே புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். புகை தெரிந்தால் தழைக்கொத்துகளோடு மேலே ஓடுகிறார்கள்.