றோபோ சத்திரசிகிச்சை: மயக்க மருந்து வைத்தியரிடம் எதை மறைக்கக்கூடாது?

எண்பதுகளில் இளைஞர்களாக வந்திறங்கிய எங்கள் அப்பாமார் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். புரோஸ்டேட் புற்றுநோய் என்ற சொல்லும் எங்கள் வீடுகளுக்குள் வந்துவிட்டது. "றோபோதான் வெட்டப்போகுதாம்" என்று பயப்படுகிறோம். றோபோ தானாக எதையும் செய்வதில்லை. சற்றுத் தள்ளி அமர்ந்திருக்கும் சத்திரசிகிச்சை நிபுணரின் கையசைவையே அது பின்பற்றுகிறது. 2000ஆம் ஆண்டளவில் ஜேர்மனியிலும் பிரான்சிலும் தொடங்கிய இந்த முறை இன்று பல நாடுகளில் வழமையாகிவிட்டது. ஆனால், தலைமாட்டில் நிற்கும் மயக்க மருந்து வைத்தியரைப் பற்றி நாங்கள் பேசுவது குறைவு.

புரோஸ்டேட் இடுப்புக்குழியின் ஆழத்தில் இருக்கிறது. குடல் விலகி இடம்விட வேண்டும் என்பதற்காக, நோயாளியின் தலை ஏறத்தாழ 25 முதல் 30 பாகை கீழே சாய்க்கப்படும். வயிறு காபனீரொட்சைட்டு வாயுவால் ஊதப்படும். சில மணித்தியாலங்கள் இந்த நிலைதான். நுரையீரல் நெருக்கப்படும், வாயு குருதியில் கலக்கும், முகமும் தொண்டையும் வீங்கலாம், கண்ணுக்குள் அழுத்தம் உயரும்.

இவற்றையெல்லாம் சமாளிப்பது மயக்க மருந்து வைத்தியரின் வேலை. கலந்த வாயு வெளியேறும்படி செயற்கைச் சுவாசத்தை அவர் மாற்றியமைக்கிறார். வீக்கம் கூடாதிருக்க சேலைனை அளவோடு கொடுக்கிறார். கருவிகள் உள்ளே இருக்கையில் உடல் அசைந்தால் உட்காயம் ஏற்படலாம் என்பதால், தசைகளை முற்றாகத் தளர்த்தி வைக்கிறார். முடிவில் தொண்டை வீக்கத்தைக் கவனித்தே சுவாசக் குழாயை எடுக்கிறார்.

ஆகவே அவர் முன்கூட்டியே கேட்கும் கேள்விகள் சம்பிரதாயம் அல்ல. குளுக்கோமா என்னும் கண் நோய் இருந்தால் சொல்ல வேண்டும். பலத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சு நின்று வருதல் இருந்தாலும் சொல்ல வேண்டும். குருதி உறைவதைத் தடுக்கும் குளிசைகளையும் சில நீரிழிவுக் குளிசைகளையும் சில நாட்களுக்கு முன்பே நிறுத்த நேரலாம். நீரிழிவுக்கும் எடை குறைப்புக்கும் போடும் சில ஊசிகள் இரைப்பை வெறுமையாவதைத் தாமதப்படுத்தும். அப்போது உணவு மேலெழுந்து நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. ஊரிலிருந்து வந்த மூலிகைத் தூளும் மருந்துதான். எதையும் நாங்களாக நிறுத்தாமல், வைத்தியரிடம் கேட்டே நிறுத்த வேண்டும்.

இங்குதான் எங்கள் வீட்டுப் பிரச்சினை வருகிறது. மகள் மொழிபெயர்க்கிறாள். "மது அருந்துவீர்களா?" என்று வைத்தியர் கேட்கிறார். தினமும் குடிக்கும் அப்பா மகளின் முகத்தைப் பார்த்து, "எப்பவாவது" என்கிறார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் மயக்க மருந்தும் பிந்திய பராமரிப்பும் திட்டமிடப்படுகின்றன. திடீரென மது நின்றால் நடுக்கமும் குழப்பமும் வரலாம்.

பிள்ளைகளுக்கு முன் சொல்லக் கூச்சமென்றால், வைத்தியசாலையிடம் மொழிபெயர்ப்பாளரைக் கேட்போம். மருந்துப் பெட்டிகளை அப்படியே எடுத்துச் செல்வோம். கண்விழித்ததும் முகம் வீங்கியிருக்கலாம், சிறுநீர்க் குழாயால் மூத்திரம் முட்டுவதுபோல் இருக்கலாம் என்று அப்பாவுக்கு முதலே சொல்லிவைப்போம். தெரிந்திருந்தால் பயம் பாதியாகும்.