கோதுமை ஒவ்வாதவர்க்கு நம் வயலே மருந்து

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள மீனவ ஊர்களில் தோணிரேவும் ஒன்று. பெயருக்கு ஏற்றபடி தோணிகள் வந்து அணையும் துறை. ஏரியில் இறால், நண்டு, மடவை கிடைக்கும். கரையை விட்டு உள்ளே போனால் பொன்னேரி வட்டத்து நெல் வயல்கள். சோறும் மீன் குழம்பும்தான் இந்தப் பகுதியின் உணவு. கோதுமை இங்கே விளைவதில்லை.

ஆனால் இன்று கோதுமை வராத ஊர் எது? தேநீர்க் கடையில் பன்னும் பிஸ்கட்டும், மாலையில் பரோட்டா, வீட்டில் ரவை உப்புமா, சேமியா என்று எல்லாம் பழகிவிட்டது. பெரும்பாலோருக்கு இவை ஒத்துக்கொள்கின்றன. ஒரு சிலருக்கு மட்டும் கோதுமை குடலையே கெடுத்துவிடுகிறது. இதற்குச் சீலியாக் நோய் என்று பெயர்.

நம் பக்கம் இது அபூர்வம். ஆகவே இருந்தாலும் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. வயிறு உப்பி, கை கால் மெலிந்து, வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாத பிள்ளைக்குப் பூச்சி என்றும், மாந்தம் என்றும், கண் திருஷ்டி என்றும் சொல்லி ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. பிள்ளைக்குத் தெம்பு வரட்டும் என்று பெற்றவர்கள் கோதுமைக் கஞ்சியும் பிஸ்கட்டும் மேலும் கொடுப்பார்கள். அதுவே அந்தப் பிள்ளைக்குக் கேடாக முடியும்.

சல்லி வேர் அழுகிய பயிர் போல

பயிரின் சல்லி வேர் அழுகிவிட்டால் எவ்வளவு உரம் போட்டாலும் பயிர் மஞ்சளாகத்தான் நிற்கும். குறை உரத்தில் இல்லை, வேரில் இருக்கிறது. இந்த நோயும் அப்படித்தான்.

நம் சிறுகுடலின் உட்சுவரில் சல்லி வேர் போல மிக நுண்ணிய விரல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. உணவின் சத்தை உறிஞ்சுபவை அவையே. கோதுமையில் குளூட்டன் என்ற பசைப் புரதம் இருக்கிறது. மாவு பிசையும்போது இழுபடுவதற்குக் காரணம் அதுதான். சீலியாக் நோய் உள்ளவருக்கு இந்தப் பசை உள்ளே போனதும், உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குகிறது. நுண்விரல்கள் தேய்ந்து குடல் சுவர் மொழுமொழுவென்று ஆகிவிடுகிறது. பிறகு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி-12, வைட்டமின் டி, சுண்ணாம்புச் சத்து எதுவும் சரியாக உடலில் சேராது.

டச்சு மருத்துவர் கண்ட உண்மை

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் 1613-ல் இங்கே கோட்டை கட்டியவர்கள். இந்த நோய்க்குக் காரணம் கோதுமை என்று நிலைநாட்டியவரும் ஒரு டச்சு மருத்துவரே. வில்லெம் டிக்கே என்ற அந்தக் குழந்தை மருத்துவருக்கு முன்பே கோதுமை மேல் ஐயம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944-45 குளிர்காலத்தில், அந்த நாட்டில் கடும் பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்காமல் மக்கள் வாடினர். ஆனால் சீலியாக் நோய்க் குழந்தைகள் மட்டும் தேறினர். ரொட்டி திரும்பி வந்ததும் அவர்களுக்கு நோயும் திரும்பி வந்தது. 1950-ல் அவர் தம் ஆய்வை வெளியிட்டார்.

கோதுமையோடு பார்லியும் ரை என்ற தானியமும் இதே கேட்டைச் செய்யும். அரிசி செய்யாது.

தெற்கே ஏன் குறைவு?

நம் நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளிலும் 23,000-க்கு மேற்பட்ட பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. வடக்கே நூற்றில் ஒருவருக்குச் சற்று அதிகமாகவும், தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கும் இந்த நோய் காணப்பட்டது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்டார். தெற்கே 25 கிராம்தான்.

இந்த நோய்க்கு இடம் தரும் பரம்பரைக் கூறோ மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கு இருந்தது. அந்தக் கூறு உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆனாலும் விதை நம்மிடமும் கிடக்கிறது என்பது தெளிவு. கோதுமை உண்பது கூடும்போது நாமும் கவனமாக இருப்பது நல்லது.

அடையாளங்கள் என்ன?

நாட்பட்ட பேதி, வெளுத்து நாற்றமடிக்கும் மலம், வயிற்று உப்புசம், எடை குறைதல், பிள்ளைகள் உயரம் கூடாமல் நிற்பது ஆகியவை முக்கிய அடையாளங்கள். பேதியே இல்லாமலும் நோய் இருக்கலாம். மாதக்கணக்கில் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டும் இரத்தம் ஏறாவிட்டால் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வாய்ப்புண், எலும்பு வலி, அடிக்கடி கருச்சிதைவு ஆகியவையும் சிலருக்கு உண்டு. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கும் சோதனை தேவை.

நாட்பட்ட பேதியெல்லாம் இந்த நோய் ஆகாது. 1960-களில் வேலூரை ஒட்டிய வட ஆர்க்காடு கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற குடல் நோய் கொள்ளை நோயாகப் பரவியது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் அதை ஆராய்ந்தனர். அதிலும் குடலின் நுண்விரல்கள் தேய்ந்தன. ஃபோலிக் அமிலமும் பி-12-ம் குறைந்தன. ஆனால் அதற்குக் கோதுமை காரணமல்ல. காசநோயும் குடலைத் தாக்கும். ஆகவே நாமே முடிவு கட்டிக்கொள்ளக் கூடாது.

சோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள்

முதலில் டி.டி.ஜி. என்ற இரத்தச் சோதனை செய்வார்கள். தேவையானால் வாய்வழியே குழாய் விட்டுச் சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விவரம் சொல்லி, அங்கிருந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குடல் நோய்ப் பிரிவுக்குச் சீட்டு வாங்கிப் போகலாம். சோதனை முடியும்வரை வழக்கமான உணவையே உண்ண வேண்டும். முன்கூட்டியே கோதுமையை நிறுத்தினால் நோய் இருந்தும் சோதனையில் தெரியாமல் போகலாம்.

நோய் இல்லாதவர் கோதுமையை விலக்கத் தேவையில்லை.

எது ஆகும்? எது ஆகாது?

நோய் உறுதியானால் ஆயுள் முழுவதும் கோதுமையையும் பார்லியையும் அறவே விட வேண்டும். ‘நல்ல நாள், கொஞ்சம் சாப்பிடலாம்’ என்பது கூடாது. துளி போனாலும் குடல் கெடும்.

ஆகாதவை: சப்பாத்தி, பூரி, பரோட்டா, மைதா, ரவை, சேமியா, கேசரி, கோதுமை அல்வா, ரொட்டி, பன், ரஸ்க், பிஸ்கட், பார்லித் தண்ணீர், மால்ட் சேர்ந்த சத்துப் பானங்கள். ஓட்ஸில் கோதுமை கலந்திருப்பது வழக்கம். மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

மறைந்து வருபவையும் உண்டு. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா சேர்ந்திருக்கும். கடை மீன் வறுவலின் மசாலாவிலும் மைதா இருக்கலாம். அங்கன்வாடிச் சத்துமாவில் கோதுமை சேருவதுண்டு. பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் ரவை உப்புமாவும் சேமியாவும் வரும். பிள்ளையின் ஆசிரியரிடமும் சமையல் செய்யும் அம்மாவிடமும் முன்பே சொல்லி வையுங்கள்.

ஆகுபவை: அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, மக்காச்சோளம், எல்லாப் பருப்பும், கிழங்கும், காயும், கீரையும், தேங்காயும், மீனும், முட்டையும். வடநாட்டு நோயாளி தன் ரொட்டியையே துறக்க வேண்டும். நமக்கோ பழைய சோறும், இட்லியும், கேழ்வரகுக் களியும், கம்பங்கூழும் அப்படியே இருக்கின்றன. விலை கூடிய தனிப் பொட்டலங்கள் தேவையே இல்லை.

மாவு மில்லில் கவனம்

நம் வயலில் கோதுமை இல்லாததால் களத்தில் கலப்பு வராது. மில்லிலும் கடையிலும்தான் வரும். கோதுமை அரைத்த இயந்திரத்தில் உடனே அரிசியையோ கேழ்வரகையோ அரைத்தால் ஒட்டியிருந்த கோதுமை மாவு நம் மாவோடு வந்துவிடும். கோதுமை அரைக்காத மில்லைத் தேடுங்கள். இல்லையேல் வீட்டு உரலிலோ மிக்சியிலோ அரைத்துக்கொள்வதே பத்திரம். சல்லடை, முறம், மாவுப் பாத்திரம் ஆகியவற்றைத் தனியே வையுங்கள். பூரி சுட்ட எண்ணெயில் அப்பளம் பொரிக்க வேண்டாம்.

சத்துக் குறையை எப்படி ஈடுகட்டுவது?

கோதுமையை விட்ட சில வாரங்களில் பசியும் தெம்பும் வரத் தொடங்கும். குடல் முழுதும் ஆற மாதங்கள் பிடிக்கும்; சிலருக்கு ஓரிரு ஆண்டுகளும் ஆகும். அதுவரை மருத்துவர் சொல்லும் மாத்திரை, ஊசிகளை நிறுத்தக் கூடாது. நாமாக ஃபோலிக் அமிலம் மட்டும் வாங்கிச் சாப்பிடுவதும் தவறு. பி-12 குறை அதனால் மறைந்து போய், நரம்பு கெட்டு, கை கால் மரத்துப் போகலாம்.

நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. நெத்திலி போன்ற சிறு மீனை முள்ளோடு உண்டால் அந்தச் சத்து மேலும் கிடைக்கும். பி-12 செடி கொடிகளில் இல்லை. மீன், நண்டு, முட்டை, பாலில் உண்டு. முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் ஃபோலிக் அமிலம் தரும். வெயிலும் மத்தி மீனும் வைட்டமின் டி தரும். குடல் ஆறும்வரை சிலருக்குப் பால் உப்புசம் தரலாம். அவர்கள் மோராகக் குடிக்கலாம்.

தோணிரேவு மீனவர் வீட்டிலும் பொன்னேரி உழவர் வீட்டிலும் இவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிறது. நெல் வயல் ஓரத்தில் ஐந்து சென்ட் நிலத்தில் வீட்டுக்கென்று கேழ்வரகு விதையுங்கள்; வேலியோரம் இரண்டு முருங்கைப் போத்து நடுங்கள். மாத்திரைக்கும் மசியாத சோகையோ, வளராத பிள்ளையோ உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் சென்று, ‘கோதுமை ஒவ்வாத நோயாக இருக்குமா?’ என்று கேளுங்கள்.