ஒரு கணினிக்கு இரு திரைகள்

கூட்டுறவுச் சங்கத்திற்கு முதலீடு எத்துணை அவசியமோ, அத்துணை அவசியம் அதன் கணக்கின்மீது அங்கத்தினர்களுக்குள்ள நம்பிக்கை. முதலீடு குறைந்தால் கடன் வாங்கி நிரப்பலாம். நம்பிக்கை குறைந்தால் அதை எந்த வங்கியும் கடனாகத் தராது. முன்னாளில் பேரேடு மேஜைமீது விரிந்து கிடந்தது. தம் பெயருக்கு நேரே காரியதரிசி எழுதுவதை அங்கத்தினர் எட்டிப் பார்த்தார். எழுத்தறியாதவரும் தொகையையாவது அடையாளம் கண்டுகொண்டார்.

இன்று பேரேடு கணினிக்குள் சென்றுவிட்டது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு, 2,516 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்கள் பலவும் நூல் இருப்பையும் கூலிக் கணக்கையும் கணினியிலேயே வைக்கின்றன. வேலை விரைவாயிற்று, ஆனால் கணினியின் திரை காரியதரிசியை நோக்கியிருக்கிறது. எதிரே நிற்கும் அங்கத்தினர் காண்பது அதன் முதுகை மட்டுமே.

இக்குறையைச் சிறு செலவில் நீக்கலாம். ஒரே கணினியுடன் இரண்டு மானிட்டர்களை, அதாவது இரண்டு திரைகளை, இணைத்துக்கொள்வதே அவ்வழி. அதனை அமைக்கும் முறையையும், இடையில் நேரும் தொல்லைகளைச் சங்கத்தாரே தீர்த்துக்கொள்ளும் வகையையும் இங்கு எடுத்துரைக்கிறோம்.

இரண்டாவது திரை எதற்கு?

மாத முடிவில் வங்கிக் கணக்கையும் ரொக்கப் புத்தகத்தையும் ஒப்பிடுவது ஒவ்வொரு சங்கத்திலும் நடைபெறும் வேலை. ஒரே திரையில் இவ்விரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கும்பொழுது, ஒரு தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்திற்குச் செல்ல வேண்டியிருக்கிறது. 4,570 என்பது 4,750 ஆவது இவ்விடத்தில்தான். இரு திரைகளில் இரண்டையும் அருகருகே வைத்தால் கண்ணே சரிபார்த்துவிடும். ஜக்கார்டுத் தறிக்குக் கணினியில் டிசைன் எழுதுவோரும் ஒரு திரையில் முழுச் சேலையின் தோற்றத்தையும், மற்றொன்றில் கட்டம் கட்டமான பூவேலையையும் வைத்துக்கொள்ளலாம்.

எனினும், தேவையறிந்து செலவிடுவதே சங்கத்திற்கு அழகு. தற்போதுள்ள திரை அகலமானதாயின், விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு இடப்புற அல்லது வலப்புற அம்புக்குறி விசையைத் தட்டினால், திறந்திருக்கும் பக்கம் திரையின் ஒரு பாதியில் அமரும். மறு பாதியில் வேறொரு பக்கத்தை வைத்துப் பாருங்கள். ஒப்பிடும் வேலைக்கு மட்டும் இதுவே போதுமானால் புதியது வாங்க வேண்டுவதில்லை. வாங்க நேர்ந்தாலும், இரண்டும் ஒரே அளவாக இருத்தல் வேண்டுமென்ற நியதி இல்லை. பழைய கணினியோடு வந்து மூலையில் கிடக்கும் திரையும் பயன்படும்.

வாங்குமுன் கணினியின் பின்புறத்தைப் பாருங்கள்

திரையின் கேபிள் செருகும் போர்ட்டுகள் பல வகைப்படும். இருபுறமும் திருகாணியும் 15 ஊசிகளும் உடையது வி.ஜி.ஏ.; இது 1987-ஆம் ஆண்டு வந்த பழைய வகை. ஓரங்கள் சரிந்த தட்டையான வாயுடையது எச்.டி.எம்.ஐ. அதையொத்து, ஒரு மூலை மட்டும் வெட்டினாற்போல் இருப்பது டிஸ்பிளே போர்ட். உங்கள் கணினியில் எவ்வகையில் எத்தனை உள்ளன, திரையில் எவை உள்ளன என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே கடைக்குச் செல்லுங்கள்.

இரு பக்கமும் ஒரே வகை கிடைத்தால் நன்று. கிடைக்காவிடில் இடையே மாற்றியைப் பொருத்தலாம். ஆயின், மாற்றி என்பது பெரும்பாலும் ஒருவழிப் பாதை. கணினியின் எச்.டி.எம்.ஐ.-யிலிருந்து திரையின் வி.ஜி.ஏ.-வுக்குச் செல்லும் மாற்றி, எதிர்த்திசையில் வேலை செய்யாது. எனவே எதிலிருந்து எதற்கு என்பதைக் கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். மற்றொன்று: ஒரு போர்ட்டை இரண்டாகப் பிரிக்கும் மலிவான எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டர் இரு திரைகளிலும் ஒரே காட்சியையே காட்டும். இரு வேறு பக்கங்களைக் காண அது உதவாது.

இணைக்கும் முறை

கணினியை நிறுத்திவிட்டு, இரு கேபிள்களையும் இறுகச் செருகிப் பின்னர் மின்சாரம் கொடுங்கள். விண்டோஸ் விசையுடன் ‘பி’ எழுத்தை அழுத்தினால் நான்கு வழிகள் தோன்றும். முதல் திரை மட்டும். இரண்டிலும் ஒரே காட்சியைத் தரும் ‘டூப்ளிகேட்’. இரண்டையும் ஒரே நீண்ட மேஜைபோல் ஆக்கும் ‘எக்ஸ்டெண்ட்’. இரண்டாம் திரை மட்டும். நமக்கு வேண்டுவது ‘எக்ஸ்டெண்ட்’ என்பதே.

பின்பு வெற்றுத் திரையில் மௌசின் வலப்பொத்தானை அழுத்தி ‘டிஸ்பிளே செட்டிங்ஸ்’ என்பதைத் திறவுங்கள். அங்கே 1, 2 என எண்ணிட்ட இரு கட்டங்கள் இருக்கும். ‘ஐடென்டிபை’ என்பதை அழுத்தினால் எது எந்தத் திரை என்பது விளங்கும். மேஜைமீது திரைகள் எவ்வாறு உள்ளனவோ அவ்வாறே கட்டங்களையும் இழுத்து வையுங்கள். இதைச் செய்யாவிடில், வலப்புறம் தள்ளும் அம்பு சுவரில் முட்டியதுபோல் நின்று, இடப்புறம் வழியாக அடுத்த திரைக்குப் போகும். குமாஸ்தா நாள்தோறும் எதிர்த்திசையில் மௌசை நகர்த்திச் சலிப்பார். காரியதரிசியின் முன்னுள்ள திரையைத் தலைமைத் திரையாகவும் அங்கேயே குறித்துவிடலாம்.

திரை இருண்டால்

சென்ற ஆண்டு நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில், புதிதாக வாங்கிய திரை ‘கெட்டுவிட்டது’ என்று மீண்டும் அட்டைப்பெட்டிக்குள் புகுந்திருந்தது. வேறு வாங்கத் தீர்மானமும் தயாராகியிருந்தது. பார்த்தால், அக்கணினியில் தனியே ஒரு கிராபிக்ஸ் கார்டு இருந்தது. முதல் திரையை அதில் செருகியவர்கள், இரண்டாவதை மேலே மதர்போர்டிலுள்ள போர்ட்டில் செருகியிருந்தார்கள். தனிக் கார்டு இருக்கும் கணினிகள் பலவற்றில் மதர்போர்டின் போர்ட் உறங்கிவிடும். கேபிளைக் கீழே கார்டிற்கு மாற்றியதும் திரை ஒளிர்ந்தது. தீர்மானம் கைவிடப்பட்டது.

ஆகவே, பழுது என்று முடிவு செய்யுமுன் வெளியிலிருந்து உள்ளே வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, மின்சாரம். திரையின் விளக்கு எரிகிறதா?

இரண்டாவது, திரையின் தேர்வு. ‘நோ சிக்னல்’ என்று காட்டினால், திரையின் விளிம்பிலுள்ள பொத்தானை அழுத்தி, கேபிள் செருகியிருக்கும் போர்ட்டையே அது தேர்ந்துள்ளதா எனக் காணுங்கள். கேபிள் எச்.டி.எம்.ஐ.-யில் இருக்க, திரை வி.ஜி.ஏ.-வை எதிர்பார்த்துக் காத்திருப்பது சாதாரணம்.

மூன்றாவது, கேபிள். ஒளிரும் திரையின் கேபிளை இருண்ட திரைக்கு மாற்றிச் செருகுங்கள். ஒளிர்ந்தால் திரை நன்றாக உள்ளது. குற்றம் கேபிளிலோ போர்ட்டிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனை பல நூறு ரூபாயை மிச்சப்படுத்தும்.

நான்காவது, கணினியின் அமைப்பு. ‘டிஸ்பிளே செட்டிங்ஸ்’ பகுதியில் ‘டிடெக்ட்’ என்பதை அழுத்துங்கள். பயனில்லையெனில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட் ஆகிய மூன்று விசைகளுடன் ‘பி’ எழுத்தை, அதாவது ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தை, அழுத்துங்கள். திரை ஒருமுறை சிமிட்டி, கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். முன்பு சொன்ன ‘பி’ பதினாறாம் எழுத்து, குழப்பம் வேண்டா.

இவ்வளவும் செய்தும் இருள் நீங்காவிடில் பழுது பார்ப்பவரை அழைக்கலாம்.

காட்சி மங்கலாக வி.ஜி.ஏ. கேபிளில் தெரிந்தால், திரையின் ‘ஆட்டோ அட்ஜஸ்ட்’ அதனைச் சீராக்கும். எழுத்து ஒன்றில் பெரிதாகவும் மற்றொன்றில் சிறிதாகவும் இருப்பின், ‘ஸ்கேல்’ என்னுமிடத்தில் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியே விழுக்காட்டை மாற்றலாம். ‘திறந்த கணக்குப் பக்கம் காணாமற் போயிற்று’ என்று பதறுவோரும் உளர். அணைத்து வைத்த இரண்டாம் திரையில் அது திறந்திருக்கக்கூடும். விண்டோஸ், ஷிப்ட் விசைகளுடன் அம்புக்குறியை அழுத்த, பக்கம் இத்திரைக்குத் திரும்பிவிடும்.

அங்கத்தினர் காணும் திரை

இரண்டாவது திரையை அங்கத்தினர் பக்கம் திருப்பி வைக்கும் சங்கங்கள் ஒரு எச்சரிக்கையை மறத்தலாகாது. ‘டூப்ளிகேட்’ முறையில் வைத்தால், காரியதரிசி காண்பதனைத்தும் வெளியே தெரியும். ஒருவருடைய கடன் பாக்கியை அடுத்த வீட்டுக்காரர் படிக்க நேரிடும். அது நம்பிக்கையை வளர்க்காது, குலைக்கும். ‘எக்ஸ்டெண்ட்’ முறையில் வைத்து, எதிரே நிற்பவருடைய கணக்குப் பக்கத்தை மட்டும் அத்திரைக்கு இழுத்து விடுங்கள். வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். வந்திருக்கும் மின்னஞ்சலும் அறிவிப்பும் தலைமைத் திரையிலேயே நிற்கட்டும்.

இத்திரையையும் யு.பி.எஸ். பேட்டரியில் இணைத்தால், மின்தடையின்போது கணினி தாங்கும் நேரம் சற்றுக் குறையும் என்பதையும் கணக்கிற்கொள்ளுங்கள்.

அங்கத்தினர்களுக்கும் ஒரு வார்த்தை. திரை உங்களை நோக்கி இருந்தால் மட்டும் போதாது. அதை நீங்கள் பார்க்க வேண்டும். கொடுத்த தொகை, வரவு வைத்த தேதி, மீதிப் பாக்கி ஆகிய மூன்றையும் படித்தறிந்து, ரசீதோடு ஒப்பிட்டபின் எழுந்திருங்கள். படிக்க இயலாதவர், உடன் வந்தவரைப் படிக்கச் சொல்லுங்கள். வேறுபாடு கண்டால் அப்பொழுதே கேளுங்கள். பதியும் வேளையில் கண்ட பிழையைத் திருத்த ஒரு நிமிஷம் போதும். ஆண்டிறுதித் தணிக்கையில் அகப்படும் பிழையைத் திருத்தப் பல நாட்கள் வேண்டும்.