தாத்தாவின் பெயருக்கு முன்னால் ஒரு சொல்

தம்பி மகள் படிவம் நான்கு படிக்கிறாள். பள்ளியில் குடும்ப வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். ‘என் கொள்ளுத்தாத்தா பீடோங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கூலி’ என்று முதல் வரியிலேயே எழுதி, எனக்குப் புலனத்தில் அனுப்பியிருந்தாள்.

தம்பிக்குக் கோபம். “நம்ம தாத்தாவைக் கூலின்னு எழுதுறதா? அடிச்சிடச் சொல்லுக்கா” என்றான். அம்மா விடவில்லை. “உழைச்சுக் கூலி வாங்குனவருதானடா எங்கப்பா. திருடுனாரா?”

எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. யோசித்துப் பார்த்தால், இருவரும் ஒரே சொல்லைப் பற்றிப் பேசவில்லை.

தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். 619-ஆவது குறளில் வள்ளுவர், உடம்பை வருத்தி முயன்றவனுக்குக் கிடைக்கும் பயனைக் கூலி என்றுதான் சொல்கிறார். அதில் இழிவு ஏதும் இல்லை. ஆளைக் குறிக்க வேண்டுமானால் கூலிக்காரர், கூலியாள் என்று இன்னொரு சொல்லைச் சேர்த்துக்கொள்கிறோம். ஆள் வேறு, அவர் கையில் வாங்கும் காசு வேறு.

ஆங்கிலம் அந்த வேறுபாட்டை அழித்துவிட்டது. ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. குஜராத்தின் கோலி என்ற சமூகத்தின் பெயரிலிருந்து என்பது ஒன்று. நம் கூலியிலிருந்து என்பது மற்றொன்று. 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இரண்டையுமே பேசுகிறது. எப்படி வந்திருந்தாலும், வெள்ளைக்காரன் வாயில் அது மனிதனின் பெயராகிவிட்டது. பிறகு பெயரடையாகவும் ஆகி, மற்றச் சொற்களின் முன்னால் போய் ஒட்டிக்கொண்டது. கூலி ஷிப், கூலி லேபர், கூலி லைன்ஸ். இந்த ‘லைன்ஸ்’தான் நம் வாயில் லயம் ஆனது. லயத்து வீட்டில் பிறந்த எங்களில் பலருக்கு அதன் முன்னால் இன்னொரு சொல் இருந்தது தெரியாது. (இடையில் ஒன்று: நம் கூலிம் நகருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது ஒரு மரத்தின் பெயர். ஆரம்பப்பள்ளியில் இதைச் சொல்லி என்னைக் கேலி செய்தவர்களுக்காக எழுதுகிறேன்.)

தென்னாப்பிரிக்காவுக்கு 1893-இல் போன காந்தியை அங்கிருந்தவர்கள் ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள். படித்தாலும் கோட்டு போட்டாலும் இந்தியன் என்றால் அந்த அடைமொழிதான். இன்றும் அந்த நாட்டில் அது வசைச்சொல். இன்றைய ஆங்கில அகராதிகளும் பழையது, புண்படுத்தக்கூடியது என்று குறிப்புப் போட்டே இதைத் தருகின்றன.

நம் தாத்தாமார்களுக்கு அது சுடவில்லை என்று நினைக்க வேண்டாம். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சம்பள உயர்வை மட்டும் கேட்கவில்லை. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கத்தையும் நிறுத்தச் சொன்னார்கள். கெடாவிலே, போர் முடிந்த கையோடு 1946-இல், பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடையை மூடு என்பதுதான் வெளியே கேட்ட குரல். அதன் அடியில் இருந்தது, எங்களை மனிதர்களாக நடத்து என்பது.

அம்மாவின் தகரப் பெட்டியில் ஒரு சீட்டு இருக்கிறது. தாத்தா கங்காணி மூலம் வந்தவர். அந்த ஆள்கட்டு முறைக்கு இந்திய அரசு 1938-இல் தடை போடுவதற்கு முன் வந்தவர். பழுப்பேறிய சீட்டில் அவர் பெயர் பாதி அழிந்துவிட்டது. அதற்கு முன்னால் ஆங்கிலத்தில் ‘கூலி எண்’ என்பது மட்டும் அச்சில் பளிச்சென்று இருக்கிறது.

பிள்ளைக்கு நான் சொன்னது இதுதான். நீ உன் சொல்லில் எழுதும்போது தாத்தா ‘ரப்பர் டேப்பர்’. அவர் செய்த வேலை அது. பெயரையும் எழுது. அந்தச் சீட்டைப் பற்றி எழுதும் இடத்தில் பழைய சொல்லை மேற்கோள் குறிக்குள் அப்படியே வை. தோட்ட நிர்வாகம் இப்படிப் பதிந்தது என்று சொல். தம்பி கேட்டது போல எல்லாவற்றையும் அடித்துவிட்டால், அவரை எப்படி நடத்தினார்கள் என்பதும் சேர்ந்து அழிந்துபோகும். கயானாவில் பிறந்த கயுத்ரா பகதூர், ஒப்பந்தத் தொழிலாளியாகப் போன தன் கொள்ளுப்பாட்டியைப் பற்றி 2013-இல் எழுதிய நூலுக்குக் ‘கூலி வுமன்’ என்றே பெயர் வைத்தார். அந்தச் சொல்லைச் சுமந்த குடும்பத்துப் பெண் அதைத் தன் கையில் எடுப்பது வேறு. பக்கத்து வீட்டார் நம்மைப் பார்த்துச் சொல்வது வேறு.

சொல்லை மாற்றினால் மட்டும் போதுமா என்றும் கேட்டாள். இந்திய ரயில் நிலையங்களில் மூட்டை தூக்குபவர்களை இனிக் கூலி என்று அழைக்காமல் ‘சகாயக்’ என்று அழைக்க வேண்டுமென 2016 ரயில்வே பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மூட்டை இன்னும் அவர்கள் தலையில்தான்.

கட்டுரை முடிந்தது. தம்பியும் சமாதானமானான். அந்த வாரம் எங்கள் வீட்டுக் கூரையில் வேலை நடந்துகொண்டிருந்தது. குத்தகைக்காரரிடம் தொலைபேசியில், “நாளைக்கும் ரெண்டு பங்களா கூலியை அனுப்புங்க” என்றேன். அருகில் உட்கார்ந்திருந்த பிள்ளை தலையைத் தூக்கினாள்.

“அத்தை, அவங்க பேர் என்ன?”

நான்கு நாளாக அவர்கள் எங்கள் வீட்டில் வேலை செய்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. தேநீரை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.