செராமிக் சிப்பில் செராமிக் கிடையாது, தெரியுமா?

போக்கர் சீட்டு ஆடுகிறவர்கள் பணத்துக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கும், ‘செராமிக் சிப்’ என்று வாய் நிறையச் சொல்லும் அந்த வட்ட வில்லையில் ஒரு சிட்டிகைப் பீங்கான்கூடக் கிடையாது! சூளையைப் பார்த்ததில்லை, மெருகுப்பூச்சைக் கண்டதில்லை. அது கெட்டியான பாலிமர் பிசினில் வார்த்த வெள்ளை வில்லை. தரையில் விழுந்தாலும் பீங்கான் கோப்பை மாதிரிச் சில்லாகாது. பெயர் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டு நாற்பது ஆண்டுகளாக உதிர மறுக்கிறது. இதற்கு மூத்ததான ‘களிமண் சிப்’பும் முழுக்கக் களிமண் இல்லை. வெறும் களிமண்ணில் செய்தால் ஒரே இரவு ஆட்டத்தில் ஓரமெல்லாம் பொடிந்துவிடும் என்பதால் வேறு பல பொருள்களைக் கலந்துதான் அழுத்துகிறார்கள்.

அந்தக் களிமண் சிப் செய்யும் விதத்தைக் கேளுங்கள். விளிம்பில் வேறு நிறத்தில் பட்டை பட்டையாகத் தெரிகிறதே, அது பெயின்ட் அல்ல. வில்லையின் ஓரத்தை வெட்டி எடுத்து, அதே அளவில் வெட்டிய வேற்றுநிறத் துண்டை அங்கே பொருத்தி, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து ஒன்றாக்குகிறார்கள். நடுவில் சிறிய வட்டத் தாள் ஒன்றைப் பதிப்பார்கள். பெயர், படம், மதிப்பு எல்லாம் அந்தத் தாளுக்குள் அடங்கியாக வேண்டும். சூதாட்ட விடுதியான கேசினோவுக்கு இது சரி. வீட்டில் வெள்ளிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு ஆடுகிறவர் தன் நாய்க்குட்டியின் முகத்தைச் சிப் முழுக்கப் போட ஆசைப்பட்டால்?

அந்த ஆசைக்கு வழி பிறந்தது 1980-களின் நடுவில், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலத்தில். சிப்கோ என்ற நிறுவனம் செராமிக் சிப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விளிம்பிலிருந்து விளிம்புவரை, போதாததற்கு விளிம்பின் மேலேயே, எந்தப் படத்தையும் அச்சடிக்கலாம்! நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மை வராது. மை மேலே இருந்தால்தானே வருவதற்கு? அது வில்லைக்குள்ளே இருக்கிறது!

எப்படி உள்ளே போனது? பூஜைத் தட்டில் வைத்த கற்பூரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திறந்து வைத்தால் உருகாமலே, ஈரம் காட்டாமலே, காற்றோடு காற்றாகக் கரைந்துவிடும். பள்ளிப் புத்தகத்தில் ‘பதங்கமாதல்’ என்று படித்தோமே, அதேதான். இந்த அச்சுக்கான சாயமும் திடநிலையிலிருந்து நேராக ஆவியாகும் ஜாதி. முதலில் படத்தை இடவலம் மாற்றித் தாளில் அச்சடிப்பார்கள். அந்தத் தாளைப் பார்த்தால் மனசு உடைந்துபோகும், அவ்வளவு மங்கலாக இருக்கும். அதை வில்லைமேல் வைத்து ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்தினால் சாயம் ஆவியாகிறது. சூட்டில் இளகிய பாலிமருக்குள் புகுந்து, ஆறும்போது உள்ளேயே சிறைப்படுகிறது. தாளை உரித்தால் நிறங்கள் பளீரென்று எழுந்து நிற்கும்!

1957-இல் பிரான்சின் ரூபே நகரத்துத் துணி ஆலையில் பணியாற்றிய நோயல் த ப்ளாஸ் என்பவர்தான் இந்த வித்தைக்கு வழி திறந்தவராகச் சொல்லப்படுகிறார். இது எங்கோ நடக்கும் அதிசயம் என்று நினைக்காதீர்கள். உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்டுடியோவில் பிறந்தநாளுக்கு ‘போட்டோ மக்’ போட்டுத் தருகிறாரே, அவர் செய்வதும் இதே வேலை. ‘காட்டன் டீ-ஷர்ட்ல பிடிக்காது சார், பாலியெஸ்டர் கொண்டு வாங்க’ என்று அவர் சொல்வதற்கும் இதே காரணம்தான்: சாயம் குடியிருக்கப் பாலியெஸ்டர் போன்ற செயற்கைப் பாலிமர் வேண்டும். பருத்தியில் அது இல்லை, மக்கின் மேற்பூச்சில் இருக்கிறது, சிப்பில் இருக்கிறது.

இந்த அச்சில் வெள்ளை மையே கிடையாது, தெரியுமா? சிப்பில் நீங்கள் காணும் வெள்ளையெல்லாம் வில்லையின் சொந்த நிறம். கோலத்தில் புள்ளிக்கு நடுவே விட்ட இடம் மாதிரி, அச்சடிக்காமல் விட்ட இடம்தான் வெள்ளை. அதனால்தான் கருஞ்சிவப்பு, கறுப்பு என்று அடர்நிறத்தில் செய்தவை வருடக்கணக்கில் உரசியபின் விளிம்புக் கூரில் மெல்லிய வெள்ளைக் கோடு காட்டும். வில்லையின் உடம்பு எட்டிப் பார்க்கிறது.

இனி ஆர்டர் கொடுக்கும் கதை. சிப்பின் வழக்கமான குறுக்களவு 39 மில்லிமீட்டர், எடை 10 கிராம் அளவில். பத்துப் பேர் ஆடும் மேசைக்கு ஆளுக்கு 50 என்றால் 500 சிப், அதாவது 5 கிலோ! இருபது இருபதாக அடுக்கி, ஐந்து வரிசை கொண்ட தட்டில் நூறு நூறாக வைப்பார்கள். 39 மில்லிமீட்டரை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக்கணக்கில் போட்டால் குறுக்கே சுமார் 460 புள்ளிதான் கிடைக்கும். கம்ப்யூட்டர் திரையில் ஓர் அடிக்குப் பெரிதாக்கிப் பார்த்து, இழை இழையாகக் கொடியும் பூவும் வரைந்து அனுப்புகிறவர்கள் கையில் வந்ததும் பூவைத் தேடுவார்கள். வரைந்ததை நிஜ அளவில் தாளில் அச்செடுத்து, வெட்டி, மேசையின் எதிர்முனையில் வைத்து, எண் தெரிகிறதா என்று பார்த்துவிடுவது உத்தமம். வெட்டுக்கோட்டுக்கு வெளியேயும் நிறம் கொஞ்சம் வழிய வேண்டும். நம் அச்சகத்தார் ‘பிளீட் விட்டீங்களா?’ என்று கேட்பது இதைத்தான். விடாவிட்டால் ஓரத்தில் பிறைபோல வெள்ளை விழும்.

திரையில் வானநீலமாக ஜொலித்தது அச்சில் ஊதாவாக வந்து நிற்பதும் உண்டு. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு சாயத்தால். இரண்டும் ஒருபோதும் முழுசாக ஒத்துப்போகா. ஆகவே 500-க்கு ஒரேயடியாகப் பணம் கட்டாமல், நிறத்துக்கு ஒன்றாக மாதிரிச் சிப் வரவழைத்துப் பார்ப்பவரே விவரமானவர். அதையும் விளக்கைக் குறைத்து வைத்துப் பார்க்க வேண்டும், ஆட்டம் நடப்பது பெரும்பாலும் மங்கிய வெளிச்சத்தில்!

நிறத்திலே இன்னொரு சூட்சுமம். அமெரிக்கக் கேசினோக்களில் பொதுவாக 5 டாலர் சிவப்பு, 25 டாலர் பச்சை, 100 டாலர் கறுப்பு. நியூ ஜெர்சியில் எந்த மதிப்புக்கு எந்த நிறம் என்று விதியே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை பிரித்தறிவதில் குறை உண்டு. பத்துப் பேர் மேசையில் ஒருவர் இருக்கக்கூடும்! அவருக்கு 5-உம் 25-உம் ஒன்றுபோலத் தெரிந்தால் ஆட்டம் என்னாவது? விளிம்புப் பட்டை ஒன்றில் அகலமாக, மற்றதில் இரட்டைக்கோடாக என்று வைத்துவிட்டால் கண் தானே பிரித்துக்கொள்ளும். செராமிக் சிப்பில் இதற்குக் கூடுதல் செலவே இல்லை, எல்லாமே ஒரே அச்சு. வீட்டுச் சிப் வரைகிறவர்கள் இந்த ஒன்றையாவது மறக்கக் கூடாது என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பங்குச்சந்தையில் ‘புளூ சிப்’ என்கிறோமே, அது பிறந்ததும் இந்த மேசையில்தான்! வெள்ளை, சிவப்பு, நீலம் என்ற பழைய மூவண்ண செட்டில் நீலத்துக்கே மதிப்பு அதிகம்.

சிப்பிலே போலி செய்து பார்த்தவர்களும் உண்டு. 2014 ஜனவரியில் நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்தது அந்த ரகம். போர்காட்டா கேசினோவின் போட்டி ஒன்றில் 27 பேர் மிஞ்சியிருந்த நேரத்தில், மேசையில் போலிச் சிப்புகள் கலந்திருப்பது தெரிந்து ஆட்டத்தையே நிறுத்தினார்கள். கலந்தவை, ஒவ்வொன்றும் 5,000 மதிப்பெழுதிய 160 சிப். அவற்றைக் கொண்டுவந்தவர் பயந்துபோய், மிச்சத்தைத் தான் தங்கியிருந்த ஹாரா’ஸ் ஹோட்டலின் கழிவறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். குழாய் அடைத்துக்கொண்டது! அடைப்பெடுக்கப் போனவர்களின் கையில் சிக்கியவற்றில் எழுதியிருந்த மதிப்பைக் கூட்டினால் 27 லட்சம் டாலர். அவர் சிறைக்குப் போனார். கேசினோ சிப்பில் புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் குறி வைப்பது இத்தகையவர்களுக்காகத்தான்.

சொந்தப் பெயர் போட்டுச் சிப் செய்துகொள்வது இந்தக் கம்ப்யூட்டர் காலத்து மோகம் என்றா நினைக்கிறீர்கள்? 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபுக் குடும்பங்கள் தங்கள் குலச்சின்னத்தை வரைந்து கப்பலில் சீனாவின் கான்டனுக்கு அனுப்பின. அங்கே கைவினைஞர்கள் முத்துச்சிப்பி ஓட்டை மெல்லிய வில்லையாக இழைத்து, அந்தச் சின்னத்தை மயிரிழை பிசகாமல் செதுக்கி, மீண்டும் கப்பல் ஏற்றினார்கள். போய்வரவே ஓர் ஆண்டு! வட்டம், நீள்சதுரம், அதோடு மீன் வடிவமும் உண்டு. மீன் ஏன்? பிரெஞ்சில் ஆட்ட வில்லைக்கு ‘ஃபிஷ்’ என்று பெயர். ஆங்கிலேயர் காதில் அது மீனாக விழுந்தது, சிப்பியும் மீனாகவே செதுக்கப்பட்டது! ஜேன் ஆஸ்டினின் 1813-ஆம் ஆண்டு நாவலான ‘பிரைடு அண்ட் பிரிஜுடிஸ்’ஸில் சீட்டாடிவிட்டு வரும் லிடியா, தோற்ற மீனையும் ஜெயித்த மீனையும் பற்றிப் பேசித் தீர்க்கிறாளே, அந்த மீன் இந்தச் சிப்தான்.

சரி, நிஜமாகவே பீங்கானில் செய்த சிப் உலகத்தில் இருந்ததே இல்லையா? இருந்தது, சயாமில்! இன்றைய தாய்லாந்தின் சூதாட்ட விடுதிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய சீனர்கள், 19-ஆம் நூற்றாண்டில் தங்கள் விடுதிப் பெயரைச் சீன எழுத்தில் பொறித்து, சீனத்துச் சூளைகளில் ஆர்டர் கொடுத்துப் பீங்கான் வில்லைகளை வரவழைத்தார்கள். ‘பீ’ என்று பெயர். வட்டம், எண்கோணம், நட்சத்திரம், வண்ணத்துப்பூச்சி, மீன் என்று ஆயிரக்கணக்கான வடிவங்கள். நீலம், பச்சை, செம்மஞ்சளில் மினுங்கும் அவற்றைப் பார்த்தால் பலகாரத் தட்டு மாதிரி இருக்கும்! ஒருவர் வில்லையை இன்னொருவர் காப்பியடித்தால் உடனே பழையதைத் திரும்ப வாங்கிக்கொண்டு புது அச்சை இறக்கினார்கள்.

சில்லறை என்று சொல்ல அந்த நாட்டில் நெடுங்காலம் பெரும்பாலும் சோழிதான் இருந்தது. வெள்ளிக்காசோ பெரிய மதிப்பு. நடுவில் போதிய சில்லறை இல்லை. பீயில் அந்த நாட்டு நாணயமான ‘பாட்’டின் கால், அரைக்கால், அதற்கும் கீழே என்று மதிப்பு எழுதியிருந்ததால், விடுதியை விட்டு வெளியே வந்த வில்லை கடைவீதியில் இறங்கிவிட்டது. காய்கறிக்காரியும் படகோட்டியும் அதை வாங்கினார்கள், கொடுத்தார்கள். கடைசியில் 1870-களில் அரசாங்கம் தலையிட்டு, பீயைப் பணமாகப் புழங்கக் கூடாது என்று தடைபோட வேண்டியதாயிற்று. இன்று அவை நாணயம் சேர்ப்பவர்களின் பெட்டிகளில் இருக்கின்றன. நிறம் இன்னும் மங்கவில்லை.